பேதிக்குக் குடித்தால் களைப்பு தீருமா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 41 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டு மூன்று வருடங்களாக அவருக்கு வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறைதான் மலம் கழிகிறது. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டு. அதற்காக மருந்தகத்தில் ஒமெப்ரசோல் கெப்சூல் வாங்கி இரண்டு வருடங்களாக நாள் தவறாமல் விழுங்குகிறார். இடுப்புவலி கூடும் நாட்களில் டைக்ளோபெனாக் மாத்திரை போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆமணக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவிக்கொள்வது அம்மா காலத்திலிருந்து வந்த பழக்கம். இவ்வளவும் செய்தும் களைப்பு விடவில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை.

கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்யும் மகள் ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். எல்லா நோய்க்கும் மூலம் குடல்தானாம். குடலைச் சுத்தப்படுத்தி நல்ல பக்டீரியாவை உள்ளே சேர்க்கும் பொடி ஒரு போத்தல் 8,500 ரூபாயாம். "பொடியை வாங்கலாமா டொக்டர்? கெப்சூலைத் தொடரலாமா? என் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் குடல்தான் காரணமா?" என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரிகளைப் பிறகு சேர்த்திருக்கிறார். மாதவிலக்கு நாட்களில் "கொஞ்சம் கூடுதலாகவே" போகிறது. 47 வயதுக் கணவருக்கும் மேடு ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது. அதுவும் வாயுதான் என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்து வருகிறார்.

அன்புச் சகோதரி,

ஓரத்தில் எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வயிறு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும். உங்கள் கணவரின் நெஞ்சு காத்திருக்கக் கூடாது. வாயு மேடு பள்ளம் பார்த்து வருவதில்லை. ஏறும்போது அடைத்து, நின்று இளைப்பாறினால் விட்டுவிடுகிற நெஞ்சுவலி, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒடுங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். நாளைக்கே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். நோயாளி சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சில வேளைகளில் சரியாகவே இருக்கும். அதை நம்பித் திரும்பிவிடாமல், "மேடு ஏறும்போதுதான் வருகிறது" என்பதை வைத்தியரிடம் அழுத்திச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே வலி வந்து, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்து, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். உங்கள் கெப்சூலை அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் விடயம்.

களைப்புக்குக் குடல்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது குடலை அல்ல, இரத்தத்தை. மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல், முடி கொட்டுதல், அதிகமான மாதவிலக்கு, தீராத களைப்பு எல்லாம் ஓர் ஆளிடம் சேர்ந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகையை முதலில் பார்க்காமல் வேறெதையும் பேசக்கூடாது. "கொஞ்சம் கூடுதலாக" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு நாட்களுக்கு மேல் நீடிக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, இரண்டு மணித்தியாலத்துக்குள் துணி மாற்ற வேண்டியிருக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அது கொஞ்சம் இல்லை. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைக் கட்டியாலும் தைரொயிட் சுரப்பி மந்தமாவதாலும் இப்படிப் போவதுண்டு. தைரொயிட் மந்தமானால் மலச்சிக்கல், களைப்பு, முடி கொட்டுதல், மனச்சோர்வு, அதிக உதிரப்போக்கு ஐந்தும் வரும். உங்கள் கடிதத்தில் ஐந்தும் இருக்கின்றன. அதுதான் உங்களுக்கு என்று நான் சொல்லவில்லை. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுவதைப் பார்க்காமல் விடக்கூடாது என்கிறேன்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது கடல் மட்டத்தில் வாழ்பவர்களுக்கானது. உயரம் கூடக்கூட அந்த எல்லையையும் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றர். ஆகவே அறிக்கையில் 12.1 என்று வந்து "நோர்மல்" என எழுதியிருந்தாலும், உங்களைப் போல அறிகுறிகள் உள்ள ஒருவர் அதோடு நிம்மதியாகிவிட வேண்டாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள்.

இரத்தம் குறைவதற்கு உங்கள் வாழ்க்கையிலேயே வேறு மூன்று வழிகள் தெரிகின்றன. கொக்கிப்புழு ஒன்று. தோட்டங்களுக்கும் அதற்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உறவு. 1910களின் நடுப்பகுதியிலேயே அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தது. இன்று அது வெகுவாகக் குறைந்துவிட்டாலும், ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், சிறுகுடலில் தொங்கி இரத்தம் குடிக்கும் குணம் அதற்கு மாறவில்லை. பூச்சி மருந்து கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அல்பென்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை போதும். தோட்ட வைத்திய நிலையத்தில் கேளுங்கள். ஆமணக்கெண்ணெய்க்குக் கொக்கிப்புழு அசைந்து கொடுக்காது.

இரண்டாவது, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர். காலையில் ரொட்டியோடு ஒரு பிளேன் டீ, பத்து மணிக்கு மலையில் ஒன்று, பகலில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடலில் சேர்வதைத் தேயிலைச் சாயம் பாதிக்கு மேல் தடுத்துவிடும். தேநீரை விடச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்த தண்ணீரோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்தால் எதிர்ப்பக்கம் வேலை நடக்கும். இரும்பு கூடுதலாகச் சேரும்.

மூன்றாவது, உங்கள் மருந்துகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 35 வயதைக் கடந்த பெண்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் நடத்தும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போங்கள். எந்தக் கிழமை நடக்கிறது என்று உங்கள் குடும்பநல மாதுவுக்குத் தெரியும். அங்கே பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். முழு இரத்த எண்ணிக்கைக்கும் தைரொயிட்டுக்கும் அவர்களிடம் கடிதம் வாங்கி ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். ஒரு நாள் பேர் (சம்பளம்) போய்விடுமே என்று யோசிப்பீர்கள். பொடிக்கு யோசித்த 8,500 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காணொளி சொன்னதில் உண்மை எவ்வளவு?

கணிசமாக உண்டு. அதனால்தான் அதை மறுப்பது சிரமமாக இருக்கிறது. நம் பெருங்குடலில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. உடலிலுள்ள மொத்தக் கலங்களின் எண்ணிக்கைக்கு அது ஏறத்தாழச் சமம். பத்து மடங்கு என்று பழைய புத்தகங்களில் வரும் கணக்கு 2016இல் திருத்தப்பட்டுவிட்டது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைத்தான் இவை உண்கின்றன. உண்டு வெளிவிடும் சில அமிலங்கள், குறிப்பாகப் பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன; அந்தச் சுவர் உறுதியாக இருந்தால் கண்டதும் இரத்தத்தில் கலக்காது. நோயெதிர்ப்புக் கலங்களில் பெரும்பகுதி குடலைச் சூழ்ந்தே இருக்கிறது. குடல் கெட்டால் உடம்பு முழுவதும் தெரியும் என்று சொல்வதில் தவறில்லை.

மனச்சோர்வு பற்றிச் சொன்னதில்தான் பாதியை விழுங்கிவிட்டார்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில் உண்டாகிறது என்பது சரி. அந்தச் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது என்பதைக் காணொளிக்காரர் சொல்லவில்லை. மூளை தனக்கானதைத் தானே செய்துகொள்கிறது. குடலும் மூளையும் நரம்பு வழியாகப் பேசிக்கொள்கின்றன, கவலை வந்தால் வயிறு பிசைகிறது, வயிறு மாதக்கணக்கில் படுத்தினால் மனம் சோர்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் மூத்த மகள் ஊரை விட்டுப் போனதையும், இரவில் தூக்கம் வராததையும், அழுகை வருவதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக அப்படி இருந்தால் அதைக் குடலின் கணக்கில் எழுதிவிடாமல் வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். வாழ்வது எதற்கு என்ற எண்ணம் தலைகாட்டினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

பொடி விடயத்தில் என் கருத்து எளிமையானது: வாங்க வேண்டாம். அமெரிக்கக் குடல்நோய் வல்லுநர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகளுக்குப் புரோபயோட்டிக் எனப்படும் நல்ல பக்டீரியா மருந்துகளைச் சிபாரிசு செய்யும் அளவுக்குச் சான்று இல்லை என்றே சொல்கிறது. சில குறிப்பிட்ட நோய்களுக்குச் சில குறிப்பிட்ட வகைகள் உதவுகின்றன. போத்தலில் எந்த வகை இருக்கிறது என்று தெரியாமல் விழுங்குவது வேறு கதை. உங்கள் லயத்தில் மாடு வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாலை விற்றதுபோக ஒரு கோப்பையை உறைய வைத்துத் தயிராகவோ மோராகவோ குடித்தால், உயிருள்ள பக்டீரியா செலவில்லாமல் கிடைத்துவிடும். அது உங்கள் மலச்சிக்கலைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வயிற்றுக்கு நல்லது, அவ்வளவுதான்.

மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். தூரத்தில் இருக்கும் பிள்ளை அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று துடிக்கும்போது முதலில் கண்ணில் படுவது இப்படியான விளம்பரம்தான்.

பேதிக்குக் குடிப்பது

"வயிற்றில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது" என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஊறிப்போனது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. பல மாத அழுக்கு ஒட்டிக்கிடக்க அங்கே இடமில்லை. ஆமணக்கெண்ணெய் செய்வது என்னவென்றால், குடலைச் சீண்டி உள்ளே இருப்பதையெல்லாம் நீரோடும் உப்போடும் சேர்த்து வெளியே தள்ளுவது. பொட்டாசியம் குறைந்தால் கால் குடைகிறது, கைகால் துவண்டு போகிறது. மறுநாள் வயிறு லேசாக இருப்பது போலத் தோன்றும். அதற்குப் பிறகு நான்கைந்து நாள் மலம் வராது; வருவதற்கு உள்ளே எதுவும் இல்லை. உடனே மலச்சிக்கல் திரும்பிவிட்டது என்று பயந்து அடுத்த தடவைக்கு நாள் குறிக்கிறீர்கள். பக்டீரியாக்களுக்கும் இது பெரிய அடி. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே கொழுந்து தேட முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காய்ச்சல் என்றதும் முன்பு மீந்த அமொக்சிசிலின் என்ற பக்டீரியாக்கொல்லி மருந்தை எடுத்துப் போடுவதும் அதே அடிதான். பெரும்பாலான தடிமன், காய்ச்சல் வைரஸால் வருபவை. அவற்றில் இந்த மருந்துக்கு வேலையில்லை. குடலிலுள்ளவை அழிந்து, பழைய நிலைக்கு வர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகின்றன.

மலம் இறுகித் துன்பப்படும்போது ஆமணக்கெண்ணெய்க்குப் பதில் லக்டுலோஸ் பாணியை வைத்தியரிடம் கேளுங்கள். அது குடலுக்குள் நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும், குடலைச் சீண்டாது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வேலை செய்யும் என்பதால் "இது பிடிக்கவில்லை" என்று நிறுத்திவிட வேண்டாம்.

கெப்சூலும் மாத்திரையும்

உங்கள் கடிதத்தில் இருதயச் செய்திக்கு அடுத்தபடியாக என்னைக் கவலைப்படுத்தியது இந்த இரண்டும்தான். டைக்ளோபெனாக் வயிற்றின் உட்சுவரைக் காக்கும் பொருளைக் குறைக்கிறது. அதனால் புண் உண்டாகி, வெளியே தெரியாமல் சொட்டுச் சொட்டாக இரத்தம் போகலாம். இரத்தம் குறைய மூன்றாவது வழி என்று சொன்னது இதைத்தான். நெஞ்செரிச்சலுக்கும் இதுவே பாதிக் காரணமாக இருக்கக்கூடும். எரிகிறது என்று ஒமெப்ரசோல் எடுக்கிறீர்கள். அது அமிலத்தை அடக்கிவிடுகிறது. அமிலம் இல்லாமல் கீரை, பருப்பின் இரும்பு சரியாகச் சேராது, காலம் போகப் போக விற்றமின் பி12உம் மக்னீசியமும் குறையும். ஒன்றின் தீங்கை அடக்க இன்னொன்று, அதன் தீங்கால் வரும் களைப்புக்கு மூன்றாவதாக ஒரு பொடி என்று நீள்கிறது.

ஒமெப்ரசோல் கெட்ட மருந்தல்ல. சரியான நோய்க்கு, சரியான காலத்துக்கு எடுத்தால் மிக நல்ல மருந்து. சாதாரண நெஞ்செரிச்சலுக்கு நான்கு முதல் எட்டு வாரம் கொடுப்பது வழக்கம். இரண்டு வருடம் என்பது யாரும் எழுதிக் கொடுக்காமல் நீங்களே நீட்டிக்கொண்டது.

நிறுத்தும் வரிசையும் முக்கியம். முதலில் நிற்க வேண்டியது டைக்ளோபெனாக். இடுப்புவலிக்குப் பரசிற்றமோல் போதும், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகாமல். டைக்ளோபெனாக்கை எடுத்துக்கொண்டே கெப்சூலை மட்டும் நிறுத்தினால் வயிற்றுக்குக் காவல் இல்லாமல் போய்விடும். அது நின்ற பிறகு கெப்சூலை வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் அடக்கி வைத்த அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரந்து சில வாரங்கள் எரியும். "பார்த்தாயா, இது இல்லாமல் என்னால் இருக்க முடியாது" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவீர்கள்.

அதன் பிறகும் எரிச்சல் தொடர்ந்தால் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருகிறது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, 1984இல் அவுஸ்திரேலிய வைத்தியர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் நோபல் பரிசு அவரையும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ரொபின் வாரனையும் தேடி வந்தது. மூச்சிலோ மலத்திலோ இதைச் சோதிக்கலாம். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டும்.

இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்:

- மலத்தில் இரத்தம், அல்லது தார் போலக் கறுத்து நாறும் மலம் (இரும்பு மாத்திரை எடுக்கும்போது மலம் கறுப்பது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்)
- காரணமில்லாமல் எடை குறைதல்
- விழுங்கும்போது சிக்குதல், அல்லது இரத்த வாந்தி
- இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுவலி

குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெற்றிலை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். புகையிலையை மட்டுமாவது இன்றோடு விடுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் அதே கிளினிக்கில் காட்டுங்கள்.

ரொட்டியை விட வேண்டியதில்லை

ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன அளவு. வெள்ளைக் கோதுமை மாவில் நூறு கிராமுக்கு மூன்று கிராம்கூட வராது. காலையில் ரொட்டி, பகலுக்கு மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி, இரவில் வெள்ளைச் சோறும் ஒரு கறியும் என்றால் பெருங்குடலிலுள்ளவை பட்டினி கிடக்கின்றன. தோட்டத்துச் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. கையில் பிடித்துத் தின்ன, நாள் முழுவதும் பசி தாங்க அதைவிட ஏற்ற ஒன்று இல்லை. அதற்குள்ளேயே கொஞ்சம் மாற்றலாம். மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குரக்கனாக்குங்கள். தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போடுங்கள், அதில் நார்ச்சத்து நிறைய. சம்பலோடு வாரத்தில் நான்கு நாளாவது கடலையோ கௌப்பியோ பயறோ அவித்து எடுத்துப்போங்கள்; ஒரு கோப்பை அவித்த கடலையில் மட்டும் 12 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. வீட்டுத் தோட்டத்து வல்லாரை, பொன்னாங்காணி, பூசணிக் கொழுந்து எதுவும் சரி. சந்தைக்கு அனுப்பும் கரட்டிலும் போஞ்சியிலும் நறுக்கிக் கழித்ததை வீட்டுக்கு வைத்துக்கொண்டு நல்லதை விற்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கழித்ததிலும் நார்ச்சத்து அதேதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் வயிறு இன்னும் உப்பும். இரண்டு மூன்று வாரம் எடுத்து மெல்லக் கூட்டுங்கள். தண்ணீர் கூடாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் இறுகும். ஊற்றுத் தண்ணீரைக் கட்டாயம் கொதிக்க வையுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும், ஆனாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் செத்துவிடும். சீனியையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். ஆறு பிளேன் டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் நாளொன்றுக்கு 48 கிராம். வளர்ந்த ஒருவருக்கு உச்ச எல்லையே ஏறத்தாழ 50.

காலையும் மலையும்

இதுவரை சொன்னதெல்லாம் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொருந்தும். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிப்போன ஒரு வரிதான் உங்கள் மலச்சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன்: "மலைக்குப் போனால் இடம் இல்லை என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்."

பெருங்குடலின் முக்கிய வேலை நீரை உறிஞ்சுவது. மலம் உள்ளே காத்திருக்கக் காத்திருக்க நீர் உறிஞ்சப்பட்டு இறுகிக்கொண்டே போகும். விழித்தெழுந்து ஏதாவது சாப்பிட்டதும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும். நாளில் மிகப் பலமான உந்துதல் அப்போதுதான். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, ஏழு மணிக்குப் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடுகிறீர்கள். நாலு வீட்டுக்கு ஒரு மலசலகூடம், அதிலும் யாராவது இருப்பார்கள். உந்துதலை அடக்குகிறீர்கள். பிறகு மலையில் மாலை வரை அடக்குகிறீர்கள். இப்படி வருடக்கணக்கில் அடக்கினால் மலக்குடல் உணர்த்துவதையே குறைத்துக்கொள்கிறது. சிறுநீரை அடக்குவதால் வரும் எரிச்சலும் தொற்றும் வேறு.

உங்கள் கையில் இருப்பதை முதலில் செய்யுங்கள். எழுந்ததும் ஒரு பெரிய கோப்பை வெந்நீர் குடியுங்கள். ரொட்டி சுடுவதற்கு முன்பே ஏதாவது ஒரு வாய் சாப்பிட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து, வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் மலசலகூடத்தில் உட்காருங்கள். குந்தி உட்காரும் கூடமே இதற்கு நல்லது. அந்தப் பத்து நிமிடம் ரொட்டியைக் கணவரோ பிள்ளையோ சுடட்டும். வெட்கமில்லாமல் வீட்டில் சொல்லுங்கள், இது மருந்து என்று.

மலையில் இடம் இல்லாதது உங்கள் கையில் மட்டும் இல்லை. ஏற்றுமதிக்காக ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் போன்ற சான்றிதழ் வாங்கியிருக்கும் தோட்டங்கள், வேலையாட்களுக்குக் குடிநீரும் மலசலகூடமும் கிடைப்பதை உறுதிசெய்வதாக ஒப்புக்கொண்டுதான் வாங்குகின்றன. உங்கள் தொழிற்சாலை வாசலில் பச்சைத் தவளை படம் போட்ட பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கோரிக்கை சலுகை கேட்பதல்ல, அவர்கள் ஏற்றுக்கொண்டதைக் கேட்பது. பலகை இல்லாவிட்டாலும் கேட்கலாம்; வாதம் சற்றுக் கடினமாகும்.

தனியாகப் போகாதீர்கள். தனி ஆள் கேட்டால் கங்காணிக்கும் உங்களுக்கும் இடையிலான சச்சரவாக அதை மாற்றிவிடுவார்கள், பறித்த கொழுந்தின் நிறை குறைந்தது என்று வேறு கதை எழும். பக்கத்து மலைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்திட்ட கடிதத்தைத் தொழிற்சங்கத் தலைவர் மூலம் துரைக்கும் (தோட்ட முகாமையாளருக்கும்) நலன்புரி உத்தியோகத்தருக்கும் கொடுங்கள். ஒரு பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அனுப்புங்கள். "வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த மலை, அங்கிருந்து அருகிலுள்ள மலசலகூடம் எத்தனை நிமிட நடை, எத்தனை பெண்கள் வேலைசெய்கிறார்கள் என்று எழுதுங்கள். வாளியும் தண்ணீரும் இல்லாத கூடம் ஒரு மாதத்தில் பூட்டப்பட்டுவிடும் என்பதால் தண்ணீரையும், யார் சுத்தம் செய்வது என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேளுங்கள்.